உலகத்தின் பூட்டும் கல்கரி வீட்டின் கரண்ட் பில்லும்



 இது சற்று நீண்ட பதிவு. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வங்கிக் கணக்கு, பரீட்சைப் பெறுபேறு, வட்ஸ்அப் செய்தி என்று நாம் நாளாந்தம் தொடுகின்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்கின்றது. அதற்கு சேர்வர் என்று பெயர். அதனைப் பராமரிப்பவர் அதற்குப் பக்கத்தில் இருப்பதில்லை. வேறு ஊரிலிருந்து, சிலவேளை வேறு நாட்டிலிருந்து இணையம் வழியாக உள்ளே நுழைந்துதான் வேலை செய்கிறார். அப்படி நுழையும் வாசலுக்கு ஒரு பூட்டு வேண்டும். உலகின் பெரும்பாலான சேர்வர்களில் அந்தப் பூட்டு ஒன்றுதான். ஓப்பன்எஸ்எஸ்எச் என்பது அதன் பெயர்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு பெரிய கம்பனிதான் செய்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். இதனைச் செய்தவர்கள் ஓப்பன்பிஎஸ்டி என்ற சிறிய தொண்டர் குழுவினர். அவர்களது கணினிகள் கனடாவின் கல்கரி நகரில், குழுத் தலைவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் ஓடின. 2014 ஜனவரியில், 20,000 டொலர் கரண்ட் பில்லுக்கு வழி பிறக்காவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்த நேரிடும் என்று அந்தக் குழு பகிரங்கமாக அறிவித்தது.

உலகமே பாவிக்கும் பூட்டைச் செய்தவர்களிடம் கரண்ட் பில் கட்டக் காசில்லை. இது எப்படி நடந்தது? அதற்கு நாம் ஆரம்பத்திலிருந்து வரவேண்டும்.

பெர்க்லியில் தொடங்கிய கதை

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்று எமது பாடநூல்களில் படிப்பிக்கின்றோம். விண்டோஸ் அதில் ஒன்று. யுனிக்ஸ் அதைவிடப் பழையது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினர் 1970களின் பிற்பகுதியில் அதனைத் திருத்தி, விரித்து, பிஎஸ்டி என்ற பெயரில் வெளியிட்டார்கள். இன்று இணையம் பேசுகின்ற டிசிபி/ஐபி என்ற மொழி, 1983 இல் வந்த 4.2பிஎஸ்டி மூலமாகத்தான் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

பின்னர் வழக்கு வந்தது. யுனிக்ஸின் உரிமை எம்மிடம் இருக்கிறது என்று 1992 இல் ஏ.டி. அண்ட் டி. யின் துணை நிறுவனம் நீதிமன்றம் போனது. 1994 ஆரம்பத்தில் சமரசமானபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் 3 கோப்புகளை மட்டுமே நீக்கவேண்டி வந்தது. மிச்சமெல்லாம் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவரின் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. இந்த எளிய நிபந்தனைதான் பிஎஸ்டி உரிமம். அடுத்து வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அத்திவாரம்.

வெளியே விடப்பட்டவர்

வழக்கு நடந்துகொண்டிருந்த 1993 இலேயே நான்கு இளைஞர்கள் நெட்பிஎஸ்டி என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தியோ டி ராட். 1968 இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். அங்கே நடைமுறையில் இருந்த கட்டாய இராணுவ சேவைக்குப் பிள்ளைகளை விடக்கூடாது என்று 1977 இல் குடும்பத்தோடு கல்கரிக்குக் குடிபெயர்ந்தவர்கள். கல்கரிப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தார்.

தியோ கடுமையாகப் பேசுபவர். அவரை மதிப்பவர்களும் இதனை மறுப்பதில்லை. அவர் மற்றவர்களோடு நடந்துகொள்ளும் விதம் பற்றி நெட்பிஎஸ்டிக்குள் பிணக்கு ஏற்பட்டது. 1994 டிசம்பரில் அவரை விலகச் சொன்னார்கள். மூலநிரல் களஞ்சியத்துக்கான அவரது அனுமதியும் நீக்கப்பட்டது. தான் கட்டிய வீட்டின் திறப்பே கையில் இல்லை என்ற நிலை. மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தும் தீர்வு வரவில்லை. 1995 ஒக்டோபரில் நெட்பிஎஸ்டியின் மூலநிரலை அடிப்படையாக எடுத்து ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார்.

யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது எமது வேலையில்லை. அவர் அடுத்துச் செய்ததுதான் கவனிக்கவேண்டியது. அக்காலத்தில் இப்படியான திட்டங்களில் நாளாந்தம் நடக்கும் மாற்றங்களை உள்ளே இருக்கும் சிலர் மட்டுமே பார்க்கலாம். வெளியாருக்கு இடைக்கிடை முடிந்த வடிவம் கிடைக்கும். தியோவும் சக் கிரேனர் என்பவரும் சேர்ந்து, களஞ்சியம் முழுவதையும், யார் எந்த நாளில் எந்த வரியை ஏன் மாற்றினார் என்ற வரலாற்றோடு, உலகத்தில் எவரும் பெயர் கொடுக்காமலே பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். கதவடைப்பைச் சந்தித்தவர் கதவை எல்லோருக்கும் திறந்தார். ஓப்பன்பிஎஸ்டியில் உள்ள 'ஓப்பன்' என்ற சொல் இந்தத் திறப்பைத்தான் குறிக்கின்றது. இன்று இது சாதாரண விடயம். அன்று புதுமை.

திரும்ப வாசித்தல்

1996 கோடை காலத்தில் இவர்கள் வித்தியாசமான ஒரு வேலையில் இறங்கினார்கள். புதிதாக எதனையும் சேர்க்காமல், ஏற்கனவே இருக்கும் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திரும்ப வாசிப்பது. ஆறு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. கோப்புக் கோப்பாக வாசித்தார்கள். ஓரிடத்தில் ஒரு பிழை கண்டால், அந்த இடத்தைத் திருத்திவிட்டுப் போவதில்லை. அதே வகைப் பிழை வேறு எங்கெல்லாம் இருக்கலாம் என்று மரம் முழுவதையும் தேடினார்கள். இப்படித் திருத்தியவற்றில் சில, அப்போது சாதாரண பிழையாகத் தெரிந்து, மாதங்கள் கழித்து வேறு முறைமைகளில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகளாக வெளிப்பட்டன. ஓப்பன்பிஎஸ்டியில் அவை ஏற்கனவே அடைக்கப்பட்டிருந்தன.

பிள்ளைகளுக்கு விளங்க ஓர் உதாரணம். எட்டுப் பேர் இருக்கும் வாங்கில் பன்னிரண்டு பேரை இருத்தினால் மிச்சம் நாலு பேர் பக்கத்து வாங்கில் இருப்பவர்களைத் தள்ளிவிட்டு உட்காருவார்கள். கணினி நினைவகத்திலும் இதுதான் நடக்கும். ஒரு பெயருக்கு ஒதுக்கிய இடத்தைவிட நீளமான பெயரைக் கொடுத்தால் அது பக்கத்து இடத்தை அழித்து எழுதும். கள்வன் அந்தப் 'பக்கத்து இடத்தில்' தனது கட்டளையை எழுதிவிட்டால் கணினி அவன் கைக்குப் போய்விடும். அக்காலத்து ஊடுருவல்களில் பெரும் பங்கு இந்த வழியில்தான் நடந்தது.

இதற்கு டொட் மில்லரும் தியோவும் எழுதிய மருந்து மிகச் சிறியது. சொற்களைப் பிரதி செய்யும்போது, வாங்கில் எத்தனை பேருக்கு இடம் என்பதையும் சேர்த்துக் கேட்கின்ற ஒரு செயற்கூறு. எஸ்டிஆர்எல்சிபிவை என்று பெயர். 1998 இல் ஓப்பன்பிஎஸ்டியில் வந்தது. லினக்ஸில் பரவலாகப் பாவிக்கப்படும் ஜிலிப்சி நூலகத்தினர் இது தேவையில்லை என்று நீண்ட காலம் மறுத்தார்கள். 2023 இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 2024 இல் அது போசிக்ஸ் என்ற சர்வதேச நியமத்திலும் இடம்பிடித்தது. ஒரு நல்ல வேலை ஒப்புக்கொள்ளப்படக் கால் நூற்றாண்டு எடுத்தது.

இன்னொரு வழக்கத்தையும் அவர்கள் கடைப்பிடித்தார்கள். அக்காலத்து முறைமைகளை நிறுவியவுடனேயே பத்துப் பதினைந்து சேவைகள் தானாக ஓடத் தொடங்கும். எது ஓடுகிறது என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஓப்பன்பிஎஸ்டியில் நிறுவியவுடன் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். தேவையான ஜன்னலை, தேவைப்படும்போது, அறிந்து திறக்கவேண்டும்.

கனடா என்பதால் கிடைத்த வாய்ப்பு

1990களில் அமெரிக்கச் சட்டம் வலுவான சங்கேத மென்பொருளை ஆயுதத்தோடு சேர்த்து வகைப்படுத்தியிருந்தது. அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் அமெரிக்கத் தயாரிப்புகள் வெளிநாடுகளுக்குப் பலவீனமான பூட்டுகளோடுதான் வந்தன. கனடாவில், பகிரங்கமாக வெளியிடும் மென்பொருளுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. ஓப்பன்பிஎஸ்டி தனது சங்கேத வேலைகளை அமெரிக்காவுக்கு வெளியே வைத்துக்கொண்டு, 1997 இலேயே ஐபிசெக் என்ற வலையமைப்புப் பாதுகாப்பு முறையை உள்ளடக்கி வெளியிட்டது. எம்மைப் போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கும் அதே பூட்டு, அதே வலுவோடு கிடைத்தது.

கடவுச்சொற்களைக் காக்கும் பிகிரிப்ட் முறையும் இங்கிருந்து வந்ததுதான். நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாசியேரும் 1999 இல் அதனை ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். அதன் சூட்சுமம், வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடுவது. சரியான கடவுச்சொல்லைக் கொடுப்பவருக்கு ஒரு கணம் தாமதிப்பது தெரியாது. கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கும் கள்வனுக்கு அந்தத் தாமதம் வருடங்களாகப் பெருகும். கணினிகள் வேகமாகிக்கொண்டு போனால் தாமதத்தையும் கூட்டிக்கொள்ளலாம். இன்றும் எத்தனையோ இணையத்தளங்கள் இதனைப் பாவிக்கின்றன.

பூட்டு பிறந்த கதை

முன்னர் தூரத்துக் கணினிக்குள் நுழையப் பாவித்தது டெல்நெட். அதில் கடவுச்சொல் தபாலட்டையில் எழுதியது போலப் போகும். வழியில் இருக்கும் எவரும் வாசிக்கலாம். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டட்டு யூலோனன் அதற்குப் பதிலாக எஸ்எஸ்எச் என்ற மென்பொருளை எழுதினார். அது தபாலட்டையை ஒட்டிய உறைக்குள் போட்டது. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாசல் இலக்கங்கள் இருந்தன. நடுவில் வெறுமையாக இருந்த 22 ஐக் கேட்டு வாங்கினார். இன்றும் அதே 22 தான். அந்த வருட முடிவுக்குள் சுமார் 50 நாடுகளில் 20,000 பேர் பாவித்தார்கள் என்று மதிப்பிடப்பட்டது.

அவர் பின்னர் கம்பனி தொடங்கினார். புதிய பதிப்புகளின் உரிமம் படிப்படியாக இறுகியது. அது அவரது உரிமை. ஆனால் எல்லோருக்கும் தேவையான பூட்டு எல்லோருக்கும் கிடைக்காமல் போகும் நிலை வந்தது. 1999 இல் சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் குரோன்வால் பழைய பதிப்புகளைத் தேடிப் பின்னோக்கிப் போய், சுதந்திரமான உரிமத்தோடு இருந்த கடைசிப் பதிப்பு 1.2.12 என்று கண்டு, அதிலிருந்த பிழைகளைத் திருத்த ஆரம்பித்தார். ஓப்பன்பிஎஸ்டியினர் அதனை எடுத்து, உரிமச் சிக்கல் உள்ள பகுதிகளை நீக்கி, வாசித்துத் திருத்தி, 1999 டிசம்பர் 1 ஆம் திகதி ஓப்பன்பிஎஸ்டி 2.6 உடன் ஓப்பன்எஸ்எஸ்எச் என்று வெளியிட்டார்கள். மறுவருடம் மார்கஸ் பிரீடல் இரண்டாம் தலைமுறை நெறிமுறையையும் சேர்த்தார். டேமியன் மில்லர் போன்றவர்கள் அதனை லினக்ஸுக்கும் ஏனைய முறைமைகளுக்கும் ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தார்கள்.

விலை இல்லை. நிபந்தனை அநேகமாக இல்லை. லினக்ஸ் எடுத்தது, ஆப்பிள் எடுத்தது, சிஸ்கோ போன்ற வலையமைப்பு உபகரணக் கம்பனிகள் எடுத்தன. டெல்நெட் மெல்ல மெல்ல மறைந்தது.

காவற்காரன் இல்லாத ஆறு மாதம்

இணையத்துக்கும் எமது உள் வலையமைப்புக்கும் இடையில் நின்று, வரும் போகும் பொதிகளைச் சோதிப்பது தீச்சுவர். ஓப்பன்பிஎஸ்டி அதற்கு டேரன் ரீட் எழுதிய ஐபிஃபில்டரைப் பாவித்தது. 2001 மே மாதம், திருத்திய வடிவங்களைத் தனது அனுமதியின்றி வெளியிட முடியாது என்று அவர் உரிமத்துக்கு விளக்கம் சொன்னார். தியோ அதே மாதத்தில் அதனை நீக்கிவிட்டார். பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற முறைமையில் காவற்காரனே இல்லை!

அந்த இடைவெளியில் சுவிட்சர்லாந்தின் டேனியல் ஹார்ட்மையர் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார். ஜூன் மாதத்திலேயே அது களஞ்சியத்துக்குள் வந்துவிட்டது. டிசம்பர் 1 ஆம் திகதி ஓப்பன்பிஎஸ்டி 3.0 உடன் வெளியானது. பெயர் பிஎஃப். பின்னர் ஃப்ரீபிஎஸ்டிக்கும் போனது. 2011 இலிருந்து ஆப்பிள் மெக் கணினிகளிலும் இருக்கின்றது.

இதனைப் பாவிப்பது எப்படி என்று கேட்கும் பிள்ளைகளுக்காகச் சில வரிகள். வலையமைப்பு அட்டை இரண்டு பொருத்திய ஒரு பழைய கணினி போதும். ஒன்று இணையப் பக்கம், மற்றது பாடசாலை அல்லது கடையின் உள் வலையமைப்புப் பக்கம். விதிகள் எல்லாம் ஒரே ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கும். முதல் வரியில் எல்லாவற்றையும் தடு என்று எழுதுவோம். அடுத்த வரியில் உள்ளிருந்து வெளியே போவதை அனுமதி என்று எழுதுவோம். விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும், பொருந்துகின்ற கடைசி விதியே செல்லும். வெளியே போன ஒவ்வொரு தொடர்பையும் பிஎஃப் ஒரு அட்டவணையில் பதிந்துகொள்ளும். அதற்கான பதில் வரும்போது தானாக உள்ளே விடும். கேட்காமல் வருபவருக்கு வாசல் திறக்காது.

இதே கணினி உள்ளே உள்ளவர்களுக்கு முகவரி வழங்கும், பெயர்களைத் தேடிக் கொடுக்கும், இணையத்தளம் நடத்தும், மின்னஞ்சலும் கையாளும். இவற்றுக்கான மென்பொருள்கள் எல்லாம் முறைமையோடு சேர்ந்தே வருகின்றன. 2003 இல் சேர்த்த ஸ்பேம்டி என்ற காவலாளி, குப்பை மின்னஞ்சல் அனுப்புபவரை விரட்டுவதில்லை. ஓரோர் எழுத்தாக மெதுவாகப் பதில் சொல்லி அவரது நேரத்தை வீணாக்கும். 2004 இல் வந்த கார்ப் முறையில் இரண்டு கணினிகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று நின்றால் மற்றது உடனே பொறுப்பேற்கும். இந்த வேலைக்கு முன்பிருந்த நியமத்தில் சிஸ்கோ நிறுவனம் காப்புரிமை கோரியதால்தான் கார்ப்பைத் தனியாக எழுதினார்கள். பாதுகாப்புத் திருத்தங்களை இறக்க 2017 இலிருந்தும், அடுத்த பதிப்புக்கு மாற 2019 இலிருந்தும் தனித்தனியே ஒரு கட்டளை போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். கைநூலில் பிழை இருந்தால் அதனையும் மென்பொருள் பிழை போலவே திருத்துவார்கள். அதனால் கைநூலை நம்பி வாசிக்கலாம்.

குறையையும் சொல்லவேண்டும். விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் இது பொருத்தமில்லை. புளூடூத் கிடையாது. வேகத்தில் லினக்ஸுக்குப் பின்னால் நிற்கும். திடீரென்று கரண்ட் போனால் மறுபடி எழும்பும்போது வன்தட்டைச் சோதிக்க நேரமெடுக்கும். 2022 இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட எமக்கு இதன் அர்த்தம் நன்றாக விளங்கும். யுபிஎஸ் இல்லாமல் வைக்காதீர்கள்.

பாதி ஏவுகணை

2001 இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் ஆய்வு நிறுவனமான டார்பா, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் ஊடாக 2 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒரு நிதியை ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி ஓப்பன்பிஎஸ்டி வேலைகளுக்கு வந்தது. அந்தக் குழு அதுவரை கண்டிராத பெரிய உதவி.

2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுப்பு நடந்தது. ஏப்ரலில் கனடாவின் குளோப் அண்ட் மெயில் பத்திரிகை தியோவிடம் இந்தப் பணம் பற்றிக் கேட்டது. பணம் வரும் இடம் தனக்கு மனச்சங்கடம் தருகிறது என்றும், இந்தக் காசால் பாதி ஏவுகணையாவது செய்யப்படாமல் போகிறதே என்று தன்னைத் தேற்றிக்கொள்வதாகவும் அவர் சொன்னார். சில நாட்களில் நிதி நிறுத்தப்பட்டது. தனது பேச்சுத்தான் காரணம் என்று அவர் நம்பினார். உலக நிலைமை மாறியதால் மீளாய்வு செய்வதாக டார்பா தரப்புச் சொன்னது. அடுத்த மாதம் கல்கரியில் நடக்கவிருந்த நிரலாளர் ஒன்றுகூடலுக்குப் பதிந்திருந்த ஹோட்டல் அறைகளுக்கான பணமும் போனது. ஆனாலும் பாவனையாளர்கள் கைகொடுத்தார்கள். ஒன்றுகூடல் நடந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். காசு வந்திருக்கும். அன்றைய ஈராக் செய்திகளை வீட்டு வானொலியில் கேட்டு மனம் வெந்த எமது தலைமுறைக்கு இந்தச் சம்பவத்தை விளக்கத் தேவையில்லை.

எண்ணிக்கையை மாற்றி எழுதியவர்கள்

இக்குழுவினர் தங்கள் இணையத்தளத்தின் முகப்பில், வழமையான நிறுவலில் ஐந்து வருடமாகத் தூரத்திலிருந்து நுழையும் ஓட்டை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். 2002 ஜூனில் அவர்களது பெருமைக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே அப்படி ஓர் ஓட்டை வெளிப்பட்டது. வாசகத்தை நீக்கவில்லை. ஏறத்தாழ ஆறு வருடத்தில் ஒன்று என்று மாற்றினார்கள். 2007 இல் ஐபிவி6 பகுதியில் இன்னொன்று. இரண்டு என்று மாற்றினார்கள். நிறுவனங்கள் பிழைகளை மறைக்கும் உலகத்தில், தன் பிழையின் எண்ணிக்கையை வாசற்படியில் எழுதி வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஒவ்வொரு பிழையும் ஒரு பாடமாகவும் ஆனது. மனிதன் எழுதும் நிரலில் பிழை இருக்கவே செய்யும், ஆகவே பிழை நடந்தாலும் சேதம் பரவாதபடி கட்டவேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். வெளியாரோடு பேசும் பகுதியை அதிகாரம் இல்லாத தனியறையில் அடைத்தார்கள். நினைவகத்தில் எழுதக்கூடிய இடம் இயங்கக்கூடாது, இயங்கும் இடத்தில் எழுதக்கூடாது என்று 2003 இல் விதித்தார்கள். 2016 இலிருந்து முறைமையோடு வரும் பல நிரல்கள் எனக்கு இன்ன இன்ன வேலைக்கு மட்டுமே அனுமதி தேவை என்று முன்கூட்டியே வாக்குறுதி கொடுக்கின்றன. அதனை மீறும் நிரலை முறைமை உடனே நிறுத்திவிடும்.

2014

இப்போது கரண்ட் பில்லுக்கு வருவோம். பல வகைப் பழைய, புதிய கணினிகளில் ஒவ்வொரு மாற்றத்தையும் கட்டிச் சோதிப்பது அவர்களது வழக்கம். ஒரு வகைக் கணினியில் ஒளிந்திருக்கும் பிழை இன்னொன்றில் வெளிப்படும். அதனால்தான் அந்த நிலக்கீழ் அறை நிறையக் கணினிகள், அதனால்தான் அந்தப் பில். 2007 இல் நிதிக்காக ஓர் அறக்கட்டளையும் அமைத்திருந்தார்கள். ஆனாலும் கோடிகள் புரளும் கம்பனிகள் ஓப்பன்எஸ்எஸ்எச்சை எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

அறிவித்தல் வெளியானதும் ருமேனியாவைச் சேர்ந்த ஒரு பிட்கொயின் வர்த்தகர் 20,000 டொலரையும் கொடுத்தார். சிறு தொகைகளும் குவிந்தன. சில நாட்களில் சேர்ந்தது 1 இலட்சம் டொலரைத் தொட்டது. வேலை தொடர்ந்தது.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 7 ஆம் திகதி, ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை உலகத்தை உலுக்கியது. இணையத்தளங்களின் சங்கேத வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற வேறொரு குழுவின் மென்பொருளில் அது இருந்தது. நான்கு எழுத்துச் சொல்லை அனுப்பி, 64,000 எழுத்துகளைத் திருப்பித் தா என்று கேட்டால், அளவு பார்க்காமல் நினைவகத்தில் இருந்த இரகசியங்களையும் சேர்த்து அனுப்பிவிடும். அதனைப் பாவித்த ஓப்பன்பிஎஸ்டியும் தப்பவில்லை. அந்த மென்பொருளுக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டொலர். முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர்தான். உலகத்தின் வங்கிகள் அதன்மேல் நின்றன.

கல்கரிக் குழு தனக்குத் தெரிந்த வைத்தியத்தையே செய்தது. அந்த நிரலைத் தனியாக எடுத்து, திரும்ப வாசிக்க உட்கார்ந்தது. முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் நீக்கியது. வழக்கொழிந்த கணினிகளுக்காகச் சேர்த்து வைத்த பழைய சாமான்கள்தான் அதில் பெரும் பகுதி. லிப்ரெஎஸ்எஸ்எல் என்று அதே வருடம் வெளியிட்டது. ஜனவரியில் கரண்ட் வெட்டுப்பட்டிருந்தால் ஏப்ரலில் இந்தக் கைகள் எங்கே இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2015 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அறக்கட்டளைக்குப் பெரிய நன்கொடையாளராக முன்வந்தது. 2018 இலிருந்து விண்டோஸ் 10 இலும் ஓப்பன்எஸ்எஸ்எச் வருகின்றது. உங்கள் மடிக்கணினியிலும் இருக்கும்.

2024 ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் மீண்டும் ஒரு பாரதூரமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸ் சேர்வர்கள் பாதிக்கப்பட்டன. ஓப்பன்பிஎஸ்டி பாதிக்கப்படவில்லை. காரணம், 2001 இல், அதாவது 23 வருடங்களுக்கு முன்னர், அந்த வகைப் பிழை வரலாம் என்று எண்ணி ஒரு சிறிய செயற்கூறைப் பாதுகாப்பாகத் திருப்பி எழுதி வைத்திருந்தார்கள். யாரும் பாராட்டாத வேலை. யாருக்கும் தெரியாத வேலை.

எமக்கு என்ன?

எமது ஊர்களில் பொதுக் கிணறு ஒன்று இருந்தால், கயிறு அறுந்தால் யார் மாற்றுவது, இறைத்துச் சேறெடுப்பது யார் என்று ஒரு முறை இருந்தது. பள்ளிவாசல் கரண்ட் பில்லுக்கும் சந்தா முறை இருக்கின்றது. எல்லோருக்கும் உரியதை எல்லோரும் தாங்கவேண்டும் என்பது நாம் அறிந்த விடயம். இணையத்தின் அடியிலும் அப்படியான பொதுக் கிணறுகள் உண்டு. தண்ணீர் வரும் வரை எவரும் அதைப்பற்றி யோசிப்பதில்லை.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேகமாக ஒன்றை எழுதி முடிப்பவரை உலகம் கைதட்டி வரவேற்கும். ஏற்கனவே எழுதியதைத் திரும்ப வாசித்து, மற்றவர் விட்ட பிழையைத் திருத்தி, கைநூலை ஒழுங்காக எழுதுபவருக்குக் கைதட்டல் குறைவு. ஆனால் எமது உடைமைகளும் இரகசியங்களும் அந்த இரண்டாமவர் கையில்தான் அமானிதமாக இருக்கின்றன. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒதுக்கி வைத்த ஒரு பழைய கணினி கிடைத்தால் ஆசிரியரின் அனுமதியோடு இதனை நிறுவிப் பாருங்கள். கைநூலை முதலில் வாசியுங்கள். மூலநிரலைத் திறந்து பாருங்கள். அது உங்களுக்கும் திறந்துதான் இருக்கின்றது.

வர்த்தக நிறுவனங்கள் நடத்தும் எமது சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சேர்வரில் இலவசமாக ஓடும் மென்பொருள்களின் பெயர்களை உங்கள் கணினிப் பொறுப்பாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வருடத்தில் ஒருமுறை, முடிந்த அளவு, அவற்றில் ஒன்றுக்காவது அனுப்புங்கள். நாம் குடித்த கிணற்றுக்கு ஒரு கயிறு.

 பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள். கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்தவரை பதில் தருவோம்.